கிருஷ்ணா ஓடிப்போனவனா, அனுப்பப்பட்டவனா? ‘சலாம் பாம்பே’ திரையிடல் பற்றி ஒரு கலந்துரையாடல்

வாவிக்கரை (மட்டக்களப்பு):

சென்ற சனிக்கிழமை மாலை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வாசிகசாலையில், மீரா நாயர் இயக்கி 1988இல் வெளிவந்த ‘சலாம் பாம்பே’ திரைப்படத்தைக் காட்டினோம். பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளும் சில பெற்றோரும் வந்திருந்தார்கள். படம் பாதியை எட்டுவதற்கு முன்பே ஒரு தந்தை எழுந்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினார். வாசலில் நின்ற என்னிடம், “தம்பி, வீட்ட விட்டு ஓடுறது எப்படியெண்டு எங்கட புள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டவா கூப்பிட்ட நீங்க?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, மனம் நொந்து கேட்டார். அந்தக் கேள்விக்கு உரிய மரியாதையுடன் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிருஷ்ணா என்ற சிறுவன், தன்னை ஓயாமல் துன்புறுத்திய அண்ணனுடைய மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்துவிடுகிறான். தாய் அவனை ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டு, 500 ரூபாய் உழைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறாள். ஒருநாள் முதலாளி ஏவிய வேலையை முடித்துத் திரும்பிவந்து பார்த்தால், சர்க்கஸ்காரர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். பம்பாய்க்கு ரயிலேறுகிறான். இறங்கியவுடனேயே கைப்பொருளைப் பறிகொடுக்கிறான். கிராண்ட் ரோட் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள விபசார விடுதிகளின் தெருவில், தேநீர்க் கடையொன்றில் வேலைக்குச் சேர்கிறான். அங்கே அவன் பெயர்கூட ‘சாய்பாவ்’ என்று மாறிவிடுகிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் படத்தை ‘ஓடிப்போன பிள்ளைகளின் கதை’ என்று எல்லோரும் சொல்கிறோம். கிருஷ்ணா எங்கிருந்தும் ஓடவில்லை. முதலில் தாய் கொண்டுபோய் விட்டாள், பிறகு முதலாளி விட்டுவிட்டுப் போனான். படம் முழுவதும் அவன் செய்வதெல்லாம் வீட்டுக்குத் திரும்புவதற்காகக் காசு சேர்ப்பதுதான். ‘ஓடிப்போனவன்’ என்ற சொல் முழுப் பழியையும் பிள்ளையின் தலையில் இறக்கிவிட்டு, அவனை அனுப்பிய பெரியவர்களை மறைத்துவிடுகிறது. அந்தத் தந்தை கண்டது தப்பிப்போகும் வழியைக் காட்டும் படம்; நான் கண்டது திரும்பி வரும் வழி அடைபட்டுப்போன ஒரு பிள்ளையைப் பற்றிய படம்.

ஆசிரியை (அக்கரைப்பற்று):

அந்தத் தந்தை செய்தது சரி என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணத்தை முழுமையாகச் சொல்ல என்னை அனுமதியுங்கள்.

நீங்கள் படத்தை நாற்பது வயதுக் கண்ணால் பார்க்கிறீர்கள். பதினைந்து வயதுப் பையன் அதை எப்படிப் பார்ப்பான்? பெற்றோர் இல்லாத, பள்ளிக்கூடம் இல்லாத, இரவில் நினைத்த இடத்தில் படுத்துறங்கும் ஒரு கூட்டம். அவர்களுக்குள் சிரிப்பு, பாட்டு, பட்டப்பெயர்கள், ஒருவனுக்கொருவன் காட்டும் விசுவாசம். படத்தின் முற்பாதியில் அந்தத் தோழமைதான் மேலோங்கி நிற்கிறது, அதனால்தான் படத்துக்கு அத்தனை உயிர் இருக்கிறது என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால், வீட்டில் நாள்தோறும் ஏச்சுக் கேட்கும் ஒரு பிள்ளையின் மனதில் எது தங்கும்? போதைப்பொருளுக்கு அடிமையான தோழன் சில்லம், கிருஷ்ணா சேர்த்துவைத்த காசையே திருடி, அந்தப் போதையிலேயே செத்துப்போவது தங்குமா? அதற்கு முன் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தது தங்குமா? என் வகுப்பறை அனுபவம் எனக்குச் சொல்வது இரண்டாவதைத்தான்.

பெண் பிள்ளைகள் பக்கம் இன்னும் கடுமையானது. விடுதிக்கு விற்கப்பட்ட அந்தப் பதினாறு வயதுப் பெண்ணை, அவளை விற்றுப் பிழைக்கும் பாபா என்பவன் அன்பு காட்டியே வசப்படுத்துகிறான். முடிவில் அவள் அவனை நம்பிக் காரில் ஏறிப் போகிறாள். இதைத் தகுந்த விளக்கம் எதுவும் இல்லாமல், அப்பாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு ஒரு மகள் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? அவள் எழுந்து போக விரும்பினாளா, இருக்க விரும்பினாளா என்று யாராவது அவளிடம் கேட்டீர்களா?

உங்கள் வாதத்தின் அடிப்படையிலும் எனக்கு உடன்பாடில்லை. மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தது கிருஷ்ணாதான். கோபத்தில் தீ வைக்கும் பிள்ளையிடம், ‘உன் பங்கு எதுவுமில்லை, எல்லாம் பெரியவர்களின் குற்றம்’ என்று சொல்வது அன்பாகாது. அவனுக்கு அவன் கோபத்தைப் பற்றியும் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன், தகப்பன் அடித்தார் என்பதற்காக யாருக்கும் சொல்லாமல் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டான். யாரும் அவனை அனுப்பவில்லை. அவன் ஓடித்தான் போனான். அவன் மேசைக்குள் கணிதக் கொப்பி இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. நான் அதை எடுத்து வைக்க மனமில்லாமல் விட்டிருந்தேன்.

கல்முனைக் கடற்கரை:

நான் வேறொரு குறையைச் சொல்ல விரும்புகிறேன். படத்தில் நடித்த சிறுவர்கள் உண்மையிலேயே பம்பாய்த் தெருக்களில் வாழ்ந்த பிள்ளைகள். படப்பிடிப்புக்கு முன் அவர்களுக்கு நடிப்புப் பட்டறை நடத்தினார்கள். கிருஷ்ணாவாக நடித்த ஷஃபீக் சையத், பெங்களூரிலிருந்து தானே பம்பாய்க்கு ஓடிவந்த சிறுவன். படம் 1988இல் கேன்ஸ் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருதை வென்றது; சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பையனுக்கு இந்தியாவின் தேசிய விருது, சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று கிடைத்தது. பிறகு அவன் என்ன ஆனான்? பெங்களூருக்குத் திரும்பி ஓட்டோ ஓட்டினான்.

ஓட்டோ ஓட்டுவது குறைவான தொழில் என்று நான் சொல்லவில்லை. என் தகப்பனாரும் அதைத்தான் செய்தார். ஆனால், ஒரு பிள்ளையின் பசியையும் பயத்தையும் அவன் முகத்திலிருந்தே எடுத்து உலகத்துக்குக் காட்டியவர்கள், அந்த முகத்துக்கு எவ்வளவு கடன்பட்டவர்கள் என்ற கேள்வியை இந்தப் படத்தைப் புகழ்கிறவர்கள் தாண்டிப்போக முடியாது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனை கமராக்கள் வந்தன என்பதும், எங்கள் பிள்ளைகள் எத்தனை தடவை ஒரே கதையைச் சொல்ல வைக்கப்பட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு இது உறுத்துகிறது.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

கல்முனைச் சகோதரரின் கேள்வி நியாயமானது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். படத்தை எடுத்தவர்கள் எடுத்துவிட்டுப் போய்விடவில்லை. அதே 1988இல், படத்தின் வருமானத்தையும் கொண்டு, ‘சலாம் பாலக்’ அறக்கட்டளை தொடங்கப்பட்டது. மும்பையிலும் டில்லியிலும் தெருவில் வாழும் பிள்ளைகளுக்குத் தங்குமிடமும் படிப்பும் மருத்துவமும் கொடுத்து அது இன்றுவரை இயங்குகிறது. ஷஃபீக்கின் வாழ்க்கை நல்லபடி மாறியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனாலும், ஒரு படத்திலிருந்து இத்தனை ஆண்டுகள் தாங்கும் ஒரு வேலை பிறந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. (இந்தப் படத்துக்கு இசையமைத்த வயலின் மேதை எல். சுப்பிரமணியம் சிறுவயதை யாழ்ப்பாணத்தில் கழித்து, 1958 கலவரத்துக்குப் பின் இந்தியா போனவர். வீட்டை விட்டுப் போக நேர்ந்த ஒரு பிள்ளையின் நினைவு அந்த வயலினில் இருப்பதாக எனக்குத் தோன்றுவது வெறும் கற்பனையாகவும் இருக்கலாம்.)

ஆசிரியை அம்மா, அந்த மகளிடம் நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

ஆனால், உங்கள் வகுப்புப் பையனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன். அடி தாங்காமல் பஸ் ஏறியவனை ‘யாரும் அனுப்பவில்லை’ என்று சொல்லலாமா? கையைப் பிடித்து ஏற்றிவிட்டால்தான் அனுப்பியதாகுமா?

கொக்கட்டி (படுவான்கரை):

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்து, எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தில் எங்கள் வயல் வட்டை முழுவதும் தண்ணீருக்குள் போனது. அப்பா, போடியார் எனப்படும் நிலச்சொந்தக்காரர் ஒருவரிடம் வயல் செய்துகொண்டிருந்தார். வேளாண்மை அழுகியது, ஆனால் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் எடுத்த கடன் அப்படியே நின்றது. எனக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட முடியவில்லை. கொழும்பில் கடைகளுக்குப் பையன்களைச் சேர்த்துவிடும் ஒருவர் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கையில் முற்பணம் கொடுத்தார். ஒரு வருடம் என்று சொன்னார்கள். அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்குத் தலைக்கு எண்ணெய் மட்டும் வைத்துவிட்டா.

புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடை. நாலு கிளாஸை ஒரு கையில் தூக்க வேண்டும். ஒவ்வொரு விரலும் ஒரு கிளாஸின் உள்விளிம்பில் இருக்கும், கொதிக்கும் தேநீர் தளும்பி விரலில் படும், கிளாஸைப் போட்டால் சம்பளத்தில் கழிப்பார்கள். இரண்டாம் வாரத்தில் விரல் நுனித் தோல் உரிந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சூடு தெரியவில்லை. படத்தில் கிருஷ்ணா கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நீங்கள் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். நான் விரலைப் பார்த்தேன்.

பள்ளிக்கூட இடாப்பில் என் பெயருக்கு நேரே ‘இடைவிலகல்’ என்று எழுதினார்கள். ஊரில் ‘ஓடிட்டான்’ என்று சொன்னார்கள். என்னை அனுப்பியது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பாவும் அதை மறுக்கவில்லை. அதனால், வாவிக்கரை அண்ணன் எழுதிய முதற்பதிவை வாசித்தபோது, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எனக்காக யாரோ சாட்சி சொன்னது மாதிரி இருந்தது.

இன்னொன்று. படத்தில் கிருஷ்ணா தெருவோரத்தில் கடிதம் எழுதிக் கொடுக்கிறவரிடம் போய் அம்மாவுக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதுவிக்கிறான். விலாசம் கேட்டால் அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அதுதான் நடந்தது. கடையில் கறி காய்ச்சும் மலையகத்து ஐயா ஒருவர் எனக்காகக் கடிதம் எழுதினார். தபாற்கந்தோர் எது என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் எங்களுக்குக் கடிதம் போட்டதே இல்லை. கடைசியில், ‘கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் பின்பக்கம்’ என்று அப்பாவின் பெயரோடு எழுதச் சொன்னேன். தான்தோன்றீஸ்வரர் கோயிலைத் தெரியாத தபாற்காரர் மட்டக்களப்பில் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்தது.

அப்பா உதயதேவி ரயிலில் வந்தார். கடைக்கு முன்னால் வந்து, உள்ளே வந்து, மேசையில் உட்கார்ந்தார். நான்தான் பிளேன்ரீ கொண்டுபோய் வைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார், பேசவில்லை, தேநீரைக் குடித்து முடித்தார், காசைக் கொடுத்தார். பிறகுதான் முதலாளியிடம் எழுந்து போனார்.

ஆசிரியை (அக்கரைப்பற்று):

தம்பி, உங்கள் பதிவை வாசித்த பிறகு உடனே பதில் எழுத எனக்கு இயலவில்லை. நீங்கள் எழுதியதற்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால், உங்களை மதிக்கிறேன் என்பதற்காகவே என் வாதத்தை விட்டுவிடாமல் கேட்கிறேன். பதின்மூன்று வயதில், அந்த மனிதர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதற்கு முதல்நாள், உங்களுக்கு இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் நீங்கள் போகாமல் இருந்திருப்பீர்களா? ‘இல்லை’ என்பது உங்கள் பதிலானால், பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதில் என்ன பயன் என்று எனக்குச் சொல்லுங்கள்.

திருக்கோவில் கரையோரம்:

சிறுவர் பராமரிப்புத் துறையில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016 முதல் பதினாறு வரை. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்த்தப்பட்டது. எனவே, இன்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தரகரும், வேலைக்கு வைக்கும் முதலாளியும் குற்றவாளிகள். இதைக் கண்டவர்கள் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் தமிழிலேயே அழைத்துச் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

இரண்டாவது, படத்தைப் பற்றியது. தெருவில் பிடிபடும் கிருஷ்ணாவையும், ரேகா என்ற பாலியல் தொழிலாளியின் சின்னஞ்சிறு மகள் மஞ்சுவையும் அரசாங்க விடுதியில் அடைக்கிறார்கள். தாய் தேடி வந்தபோது, அவளுடைய தொழிலைக் காரணம் காட்டி மகளைக் கொடுக்க மறுக்கிறார்கள். கிருஷ்ணா அந்த விடுதியிலிருந்துதான் முதல்முறையாக உண்மையாகவே தப்பி ஓடுகிறான். வீட்டிலிருந்து ஓடாதவன், காப்பாற்றுவதற்கென்று கட்டிய இடத்திலிருந்து ஓடுகிறான். இந்தக் காட்சியைப் பிள்ளைகளைவிட என்னைப் போன்றவர்கள்தான் பார்க்க வேண்டும். நமது நாட்டிலும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், வீடற்று நிற்பவனைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழைய கண்ணோடு இயற்றப்பட்ட ஒன்றுதான்.

கொக்கட்டி (படுவான்கரை):

ஆசிரியை அக்காவுக்கு உண்மையைச் சொல்கிறேன். படத்தைப் பார்த்திருந்தாலும் நான் போயிருப்பேன். அப்பா அந்தக் காசை வாங்கிவிட்டார். கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டதை நான் கேட்டிருந்தேன். போவதா இல்லையா என்று தீர்மானிக்கும் இடத்தில் நான் இருக்கவே இல்லை.

ஆனால், அப்பா பார்த்திருந்தால்? அதைத்தான் இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவர் கெட்டவரில்லை. கொழும்பில் மூன்று வேளையும் சாப்பாடு கிடைக்கும், வெள்ளத்துக்குள் கிடப்பதைவிட நல்லது என்றுதான் நம்பினார். கடை என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. படத்தின் முடிவில், பிள்ளையார் ஊர்வலத்துக் கூட்டத்தில் ரேகாவின் கை கிருஷ்ணாவின் கையிலிருந்து நழுவிப்போகிறது. அவன் ஒரு மூலையில் தனியே உட்கார்ந்து பம்பரத்தைச் சுற்றுகிறான். அந்த முகத்தை அப்பா ஒரு தடவை பார்த்திருந்தால், கடனுக்கு வேறு வழி தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். தேடியிருக்க மாட்டாரோ என்னவோ. ஆனால், தெரியாமல் அனுப்பியிருக்க மாட்டார்.

பிள்ளைகளுக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதில் நான் அக்காவின் பக்கம். யாருக்குக் காட்ட வேண்டும் என்பதில் அண்ணனின் பக்கம்.

கல்முனைக் கடற்கரை:

தம்பி சொன்னதை ஏற்கிறேன். ஆனால், பெற்றோர் மட்டும் பார்த்துவிட்டு அழுதுவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கடன் கொடுத்தவரும், தரகரும், வேலைக்கு வைத்தவரும் அந்தப் பாயில் வந்து உட்காரப் போவதில்லை. தாய்தகப்பனை மட்டும் உட்கார்த்தி வைத்துப் படம் காட்டினால், முன்பு பிள்ளையின் தலையில் இறக்கிய பழியை இப்போது ஏழைத் தகப்பனின் தலையில் இறக்கியதாகிவிடும். கிருஷ்ணாவின் தாய்க்கு 500 ரூபாய் ஏன் அவ்வளவு பெரிய தொகையாக இருந்தது என்று படம் கேட்கவில்லை. நாங்களாவது கேட்க வேண்டும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

இது என் முதற்பதிவில் விடுபட்டுப்போன இடம், ஒப்புக்கொள்கிறேன். ‘அனுப்பியவர்கள்’ என்று எழுதும்போது என் மனதில் தாயும் தகப்பனும் மட்டுமே இருந்தார்கள்.

அடுத்த மாதம் அதே வாசிகசாலையில் மீண்டும் திரையிடுகிறோம், இம்முறை பெரியவர்களுக்கு மட்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், வயல் அமைப்புகளின் ஆட்கள், கடை வைத்திருப்பவர்கள் ஆகியோரை நேரில் போய் அழைக்கிறோம். திருக்கோவில் ஐயா வந்து சட்டத்தையும், முறைப்பாடு செய்யும் வழியையும் விளக்குவதாகத் தொலைபேசியில் சம்மதித்திருக்கிறார். எழுந்து போன அந்தத் தந்தையை நேற்று வீட்டில் போய்ச் சந்தித்தேன். மிகுதிப் பாதியைப் பார்க்க வருவதாகச் சொன்னார். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு முடிவு என்னெண்டு சொல்லுங்க” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை ஒருபோதும் காட்டக்கூடாது என்பதை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. பதினாறு வயதானவர்களுக்கு, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசிக் காட்டலாம் என்பது என் கருத்து.

ஆசிரியை (அக்கரைப்பற்று):

அதில் நான் இன்னும் மறுப்பாகவே இருக்கிறேன், அதைப் பிறகு பேசுவோம். பெரியவர்களுக்கான திரையிடலுக்கு நானும் வருகிறேன்.

இன்று காலை, தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதுதல் பகுதியை எடுத்தேன். வழக்கமாகக் கடிதத்தின் உடலைத்தான் எழுதச் சொல்வேன். இன்று கடித உறையை மட்டும் எழுதச் சொன்னேன்: தன் வீட்டின் முழு விலாசம், பார்க்காமல். பத்தாம் தரத்துப் பிள்ளைகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் வீதியின் பெயரோடு நின்றுவிட்டார்கள். தபாற்கந்தோரின் பெயரை எழுதத் தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பையன் விலாசம் எழுதும் இடத்தில் பள்ளிவாசலின் பெயரை எழுதி, ‘அதற்கு முன்வீடு’ என்று முடித்திருந்தான். அதற்கு நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.